குறிப்பு: காற்று

ஒன்பது வண்டி. பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு.
தேதி, வண்டி எண், ஓடிய தூரம், போட்ட டீசல்,
ஓரத்தில் குறிப்பு, அடியில் என் கையெழுத்து.
மண்டபம் ஐஸ் கம்பெனித் தகரக் கூரைக்குக் கீழே
பதினோரு வருஷம் ஜெசிந்தா எழுதியது இவ்வளவுதான்.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு.

மற்ற வண்டியெல்லாம் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
சந்தியாகுவின் வண்டி மட்டும் ஒன்பது.
"பாம்பன் பாலத்துல எதிர்காத்துக்கா" என்பான்.
போகையிலும் எதிர்காற்று,
வருகையிலும் எதிர்காற்று.
குறிப்புப் பத்தியில் 'காற்று' என்றே நானும் எழுதினேன்,
வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் ஏறாமல்
கடல் தட்டில் ஊற்றிய எண்ணெயாய்க் கிடந்த
பங்குனியிலும்.

தங்கச்சிமடத்தில் சீலாப் பெட்டி ஏற்றுகிற சந்தடியில்
ஒரு முழ ரப்பர் குழாய்,
வாயால் ஓர் இழுப்பு.
இரண்டு லிட்டர் கேனுக்குப் போகும்.
கேன் மிக்கேலின் வள்ளத்துக்குப் போகும்.
காசு, தம்பியின் ஐ.டி.ஐ. பீசுக்குப் போகும்.
அவன் "ஸ்தோத்திரம்க்கா" என்கிறபோதே
வாயில் டீசல் மணக்கும்.
எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
தடைக்காலத்தில் அவர்களுக்கு அரைச் சம்பளம்;
அந்த நோட்டையும் நான்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் மீராசா முதலாளி
ஆறு வண்டியைப் பேட்டரிக்கு மாற்றினார்.
மதுரைக்குப் போகிற மூன்றும் கேஸில் ஓடின.
ஐஸ் அறைச் சுவரில் ஆறு சார்ஜர்,
செவ்வந்தி மாலை, எலுமிச்சை, ஒரு பாத்திஹா.
மூன்றாம் வாரமே உப்புக்காற்று
பிளக் முனைகளில் பச்சை பூத்தது.
தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தோம்.
கரண்டு போன ஒரு ராத்திரி
நாலு வண்டி கண்ணாழை நம்பி,
அதாவது தண்டவாளம் பார்த்த மாடு மாதிரி, நின்றன;
மீன் ஆட்டோவில் போனது.

சத்தம் இல்லாததால்
ஏலக்கூடத்து நாய்கள் எழுந்து வழிவிடுவதில்லை.
டிரைவர்கள் இறங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நகர்த்துகிறார்கள்.
நாய்களுக்குப் பெயர் இருப்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

புது வண்டியின் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டுச்
சந்தியாகு சிரித்தான்:
"இதுல உறிஞ்ச ஒண்ணுமே இல்லக்கா."
நான் சிரிக்கவில்லை.
மிக்கேல் இரண்டு நாள் காலிக் கேனோடு வந்து நின்றார்.
கடலில் எதுவும் மாறவில்லையே, அவருக்கு எஞ்சின் அதேதான்.
மூன்றாம் நாள் வரவில்லை.

நோட்டு போய்விட்டது. இப்போது ஒரு போன்.
ஒவ்வொரு வண்டியும் எங்கே நின்றது,
எவ்வளவு தின்றது, எல்லாம் அதில் தெரியும்.
மார்கழியில் ஒரு விடியல், வாடை வெறிபிடித்து வீச,
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாலத்தில் ஏறியதும்
ஆறு வண்டிக்கும் சார்ஜ் மளமளவென்று இறங்கியது.
அந்தோணிக்கு, காதருக்கு, முனியசாமிக்கு,
எல்லோருக்கும் ஒரே அளவு.
பதினோரு வருஷம் நான் பொய்யாக எழுதிய காற்று
உண்மையிலேயே இருந்தது.

அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன்.
டீசலில் மிச்சமான தொகையை மேலே எழுதினேன்.
கீழே: டிரைவர் ஒன்பது பேருக்கும்
நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் டீசல் விலை,
பாலப்படி.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வண்டியே டீசல் குடிக்கல,
ஆளுக்கு எதுக்கும்மா டீசல்?
அதென்ன இரண்டு லிட்டர் கணக்கு?"
"காற்றுக் கணக்கு" என்றேன்.

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
தாள் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது.
ஜன்னல் வழியே வாடை வந்து அதன் ஓரத்தைத் தூக்குகிறது.
பறந்துவிடாமல் இருக்க
மேலே ஐஸ் குத்துகிற ஊசியை வைத்திருக்கிறார்.